தொட்டில் ரூம்

பீளமேட்டில் மூடிக் கிடந்த மில்லில் இப்போது வாரக்கடைசிகளில் ஓவியக் கண்காட்சியும் பாட்டும் கூத்தும் நடக்கின்றன. போன சனிக்கிழமை அதன் பின்பக்க அறைக்குள் நுழைந்ததும் புதுச் சுண்ணாம்பையும் மீறி மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசம் வந்தது. எனக்கு மறுபடி நாலு வயதாகிவிட்டது.

மில் ஓடிய காலத்தில் வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் விடுவார்கள். கைக்குழந்தைகள் சேலைத் தொட்டில்களில் கிடக்க, பக்கத்துக் கட்டடத்தில் ஓடும் மெஷின்களின் அதிர்வு தரைவழியாக வந்து, பாயில் படுத்த எங்கள் முதுகில் ஏறிக்கொண்டேயிருக்கும், அதிலேயே தூங்கிப்போவோம். கரண்ட் போய் மெஷின் நின்றால்தான் எல்லாரும் ஒன்றாக விழித்து அழுவோம். டீ நேரத்தில் புருவமெல்லாம் பஞ்சோடு அம்மா ஓடி வந்து, தம்பிக்குப் பால் கொடுத்தபடியே என் தலையைக் கோதுவாள். அப்படியொரு தூக்கம் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.

இப்போது கதவில் ‘பழைய கிடங்கு’ என்று எழுதியிருந்தது.

“கிடங்கு இல்லீங்ணா, தொட்டில் ரூமுங்க. நான் இங்கதான் வளந்தேன்” என்றேன், கண்காட்சி நடத்துகிறவரிடம்.

“எழுதிப்போட்டாங்களே அம்மணி!”

“அழிச்சுப்போடுங்க. நான் எழுதறேன்.”

பிரஷ்ஷை நீட்டினார். ‘தொட்டில் ரூம்’ என்று எழுதி, அங்கே பிள்ளைகளை விட்டுப்போன பெண்களில் நினைவிருந்தவர்களின் பெயர்களையும் கீழே எழுதினேன். அம்மாவின் பெயர் முதலில்.

“கல்யாணப் பத்திரிகையாட்ட நீண்டுட்டே போகுதுங்களே” என்று சிரித்தார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மில் சத்தத்தில் காதும் மந்தமாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போய், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.