உப்புக்காற்றின் மேல் பழி

ராயபுரத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் அலெக்ஸாண்டருக்கு எந்த யூஎஸ்பி கோளாறென்றாலும் உப்புக்காற்றுதான் குற்றவாளி. லேப்டாப்பின் இடப்பக்க டைப்-சி போர்ட்டில் மானிட்டர் வயரைச் செருகினால் படம் வரவில்லை என்று ஜானட் டீச்சர் வந்தபோதும், "துரு புட்ச்சிகினு கீது டீச்சர், வூட்டு ஜன்னல மூடி வைங்க" என்று அதட்டி, துளையைச் சுரண்டி அனுப்பினான். மூன்று முறை!

நான்காம் முறைதான் அந்த மேதை, அந்த லேப்டாப்பை இயக்கும் லினக்ஸில் ஒவ்வொரு போர்ட்டின் திறனும் பதிவாகியிருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். வலப்பக்கத்துக்கு டிஸ்ப்ளே வசதி உண்டு. இடப்பக்கத்துக்கு, தயாரித்த நாளிலிருந்தே கிடையாது. கேட்டிருந்தால் கம்ப்யூட்டர் முதல் நாளே சொல்லியிருக்கும்.

வயரை வலப்பக்கம் மாட்டினான், படம் வந்தது.

"இந்த வெயில்லயும் நான் ஜன்னலத் தொறக்கவே இல்ல அலெக்ஸு. அதான் சரியாப்போச்சு, இல்ல?" என்றார் டீச்சர்.

அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, "ஆமா டீச்சர்" என்றான்.