வெடி போடாத காலை

குன்றாண்டார்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு கண்மாய்க்கு, மாசி மாதக் காலைகளில் பறவைகளைக் காணச் செல்வது என் வழக்கம். அங்கே மீன் குத்தகைக்காரர் அமர்த்திய காவற்காரர் ஒருவர் இருந்தார். ஒடுங்கிய மார்பு, வெடிமருந்து படிந்து கறுத்த விரல்கள். மீன் தின்ன இறங்கும் பறவைகளை வெடி போட்டு விரட்டுவது அவர் வேலை. திரியைப் பற்றவைக்கும் முன்னர், "காதப் பொத்திக்கங்கய்யா" என்று எனக்குக் குரல் கொடுக்க ஒருநாளும் தவறமாட்டார்.

ஒரு காலையில் கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கின. சற்றுப் பொறுக்குமாறு அவரை வேண்டினேன்.

"நீங்க பாக்க வாரீங்க, நான் வெரட்ட வாரேன். நல்ல சோடிதான் போங்க!" என்று சிரித்தவர், வெடியை மடியில் செருகிக்கொண்டார். நான் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தபோது குத்தகைக்காரர் வந்துவிட்டார்.

"மீனு பூரா போகுது, வேடிக்கையா பாக்குற? நாளையிலருந்து இங்கிட்டு வராத!" என்று அவரிடம் சீறிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நீங்க யாருங்க?"

"சும்மா நடக்க வந்தேன்" என்றேன்.

காவற்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பின்னர், வெடிகளைக் கரையில் வைத்துவிட்டு நடந்தார். என்னை அவர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.