வால்வுக்கு ஒரு வக்கீல்

சிந்துஜாவை டெல்லியில் ஏதோ பெரிய கமிட்டிக்கு எடுத்துக்கொண்டார்களாம். எந்தச் சரக்கு வெளியே போனால் நாட்டுக்கு ஆபத்து என்று முடிவு செய்கிற கமிட்டியாம். குமாஸ்தா தமிழ்மாறனுக்குக் கோர்ட் கேண்டீனில் யாரோ சொன்னது. அவன் அதைக் காபியோடு சேர்த்துக் கொண்டுவந்து வக்கீல் பிரேம்குமாரின் மேஜையில் வைத்தான்.

"யார்றா சொன்னா?"

"பேசிக்கிறாங்க சார். லா காலேஜ்ல உங்க செட்டுதானே அவங்க?"

"செட்டுதான்." காபி ஆறிப்போகும்வரை அவர் அதைத் தொடவில்லை.

சிந்துஜா புதுச்சேரி முதலியார்பேட்டை மில் தொழிலாளியின் மகள். கூடப் படித்தவர்கள் நிலத்தகராறு, பாகப்பிரிவினை என்று ஓட, அவள் மட்டும் அனுமதியில்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உர ஆலையில் மாட்டுகிற வால்வை விஷவாயு செய்கிற இடத்திலும் மாட்டலாம். அதனால் வாங்குகிறவன் யார், கடைசியில் எங்கே மாட்டப்போகிறான் என்று அரசாங்கம் குடையும். அதற்குப் பதில் எழுதுவதுதான் அவள் பிழைப்பு.

"என்னோட சேந்து பண்ணுடா பிரேம்" என்று அவள் கூப்பிட்டபோது, "வால்வுக்கு வாதாடவா வக்கீலுக்குப் படிச்சேன்?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்கவைத்தவர் அவர்.

பிறகு தொழிற்பேட்டைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அவளிடம் போயின. பாரிஸில் ஒரு கூட்டத்தில் பிரெஞ்சிலேயே பேசினாள் என்று கேள்விப்பட்ட அன்று பிரேம்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் அவர். இவளோ கவர்ன்மென்ட் ஸ்கூல்.

அதனால்தான் போன மாதம் வால்வு செய்கிற இராமதாஸ், "சிந்துஜா மேடத்த ஒரு வார்த்த கேட்டுடலாமா சார்?" என்று தயங்கியதும் பிரேம்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு ஃபாரத்துக்கு மேடமா? குடுய்யா இப்படி."

சரக்கு பிரான்சில் லியோன் நகரத்துப் பக்கம் ஒரு ரசாயன ஆலைக்கு. ஆனால் இராமதாஸின் மச்சான் பாரிஸில் இருந்தார். அவர் பேருக்கு அனுப்பினால் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஊறுகாயோ கல்யாணப் பத்திரிகையோ, புதுச்சேரிக்காரன் பிரான்சுக்கு எதை அனுப்பினாலும் அப்படித்தானே? ஏற்றுமதி அனுமதி ஃபாரத்தில், பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்ற கட்டத்தில் பிரேம்குமார் மச்சான் பெயரை எழுதினார். மரியாதையாக இருக்கட்டுமென்று மச்சானின் பழைய உத்தியோகத்தையும் 'பிரெஞ்சு ராணுவம், ஓய்வு' என்று சேர்த்தார்.

அரசாங்கத்திடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ராணுவக்காரருக்கு அமிலம் அரிக்காத வால்வு நாற்பது எதற்கு? இன்று மாலை ஐந்துக்குள் சரியான விளக்கம் போகாவிட்டால் இராமதாஸ் இனி எதையும் ஏற்றுமதி செய்ய முடியாது.

காலையிலிருந்து மூன்று பதில் எழுதிக் கிழித்தாகிவிட்டது. மச்சான் சும்மா கைமாற்றிக் கொடுப்பவர்தான் என்று எழுதினால், முதலில் எழுதியது பொய் என்றாகிறது.

எதிரே இராமதாஸ் கையைப் பிசைந்தார். "முப்பது பேரு வேல செய்றாங்க சார் என்கிட்ட. நீங்க சிந்துஜா மேடத்த கேக்கலன்னா நானே போய் அவங்க கால்ல விழறேன்."

"இருய்யா. நான் பேசறேன்."

அவள் சிரிக்கமாட்டாள். 'ஃபாரத்த அனுப்புடா, பாக்கறேன்' என்பாள், அவ்வளவுதான். சிரித்தாலாவது கோபப்பட்டுக்கொள்ளலாம்.

மணி மூன்றரை. எண்ணைத் தேடி அழுத்தினார். ரிங் போனது. வேலையாக இருப்பாளோ? இல்லை, பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாளோ?

"எடுக்கறாங்களா சார்?"

பிரேம்குமார் கையைக் காட்டி அவரை அடக்கினார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.