எதிர் ஸ்டால் கடலை

அவனியாபுரத்தில் எங்கள் பட்டறையில் நிலக்கடலை ஓட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் மிஷின் செய்கிறோம். மதுரையில் நடந்த தொழில் கண்காட்சியில் முதல் முறையாக ஸ்டால் போட்டோம். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. பேனர், விசிட்டிங் கார்டு, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் என்று எதையும் விடவில்லை.

கொட்டாம்பட்டி விவசாயி ஒருவர், "ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்றபோதுதான் உறைத்தது. கடலை கொண்டுவரவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் அவரவர் கடலையோடுதான் வந்து ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கு நினைப்பே வரவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர் ஸ்டாலிலும் அதே மாதிரி மிஷின்தான். அதன் முதலாளி அரை மூட்டைக் கடலையைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"அண்ணே, உங்க யாவாரம்..." என்று இழுத்தேன்.

"என் கடலைன்னு உங்க மிஷினுக்குத் தெரியவா போகுது? ஓட்டுங்க மாப்ள."

பருப்பு உடையாமல் விழுந்தது. கூட்டம் கூடியது. விவசாயி இரண்டு மிஷினையும் பார்த்துவிட்டு எதிர் ஸ்டாலில்தான் வாங்கினார். ஆச்சரியம், எனக்கு அது வலிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் எங்களுக்கும் ஒரு ஆர்டர் வந்தது.

இப்போது கண்காட்சிக்குக் கிளம்பினால் அப்பா இரண்டு மூட்டை ஏற்றச் சொல்கிறார்.

"ஒண்ணு நமக்குடா. எதிர்ல எவனாச்சும் உன்னய மாதிரி வருவான்ல, அவனுக்கு ஒண்ணு."