தேவர்களுக்குத் துணி போட்ட டார்கஸ்

இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊர்ப் பீங்கான் பட்டறைகளில் டார்கஸ் புளோரைப் போல ரோஜா வரைய ஆள் கிடையாது. பதினொரு வயதில் தூரிகை பிடித்தவள். நாற்பத்தாறிலும் ஒரே இழுப்பில் இதழ் போடுவாள். புருஷன் தாமஸ் குடித்தே செத்துப்போனான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் அவள் மெதடிஸ்ட் கோயிலின் முன் பெஞ்சில் இருப்பாள்.

குடியை எதிர்த்தே இருபது வருஷம் பிரசங்கம் செய்த உபதேசியார் ஈனோக் சால்ட், வயதாகி, மகள் வீட்டோடு இருக்க லீக் நகருக்குப் புறப்பட்டார். பட்டறை ஆட்கள் அவருக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டார்கள். முதலாளி மனசு குளிர்ந்து, காட்சி அறையிலிருந்த பெரிய பூ ஜாடியையே அதற்காக அவர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதில் ரோமர்களின் மதுக் கடவுள் பாக்கஸ் கையில் கிண்ணத்தோடு நிற்கிறான். சுற்றிலும் பொட்டுத் துணியில்லாமல் பெண்கள் ஆடுகிறார்கள்.

"இதையா ஐயா வீட்டு மேசையில வைக்கிறது?" என்று டார்கஸ் தலையில் கை வைத்தாள்.

பக்கத்து இருக்கை லெட்டிஸ் கண்ணடித்தாள். "ஐயா வேணாம்னா சொல்லப்போறாரு?"

"வாயை மூடுடி."

முதலாளி கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல முடியாது. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து, டார்கஸ் அந்தப் பெண்களுக்கெல்லாம் நீலப் பாவாடையும் சால்வையும் வரைந்தாள். ஜாடியிலிருந்த திராட்சைக் குலையை அப்படியே விட்டுவிட்டாள், தின்பதில் தப்பில்லை. பாக்கஸின் கிண்ணத்துக்கு மட்டும் ஒரு பிடியும் அடியில் ஒரு தட்டும் போட்டு, தேநீர்க் கோப்பையாக்கினாள். அதை வரையும்போது தாமஸின் நடுங்கும் கை நினைவுக்கு வந்து, சற்று நேரம் தூரிகையைக் கீழே வைத்தாள்.

நிறம் பிடிக்க ஜாடியை மறுபடி சுட்டு, சனிக்கிழமை காலை சூளையைத் திறந்தார்கள். கோப்பை அழுத்தமாக வந்திருந்தது. பாவாடைகளோ சூட்டில் வெளிறி, மழையில் நனைந்த மெல்லிய துணிபோல உடம்போடு ஒட்டி நின்றன.

லெட்டிஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முன்னாடி சிலை மாதிரி இருந்தாளுங்க. இப்பத்தான்டி நிஜமாவே அம்மணமா இருக்காளுங்க!"

டார்கஸ் அழுதேவிட்டாள். அன்று சாயங்காலமே கோயிலில் வழியனுப்பு விருந்து. மறுபடி சுட நேரமில்லை.

விருந்தில், ஜாடியை மூடியிருந்த துணியை எடுப்பதற்கு முன் அவளே எழுந்தாள். "ஐயா, இதுல தப்பு இருந்தா முதலாளி மேல இல்ல. கெடுத்தது நான்."

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பாக்கஸ் முன்னால் வந்ததும் நிறுத்தினார்.

"இவன் கையில என்னம்மா?"

"டீ, ஐயா."

"இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். நாலு பேரு குடியை விட்டிருந்தா அதிகம். உன் தாமஸையும் என்னால திருத்த முடியல. நீ ஒரு மத்தியானத்துல ஒரு சாமியையே விட வச்சுட்டியே, டார்கஸ்!"

கூடமே குலுங்கியது. டார்கஸும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

அதன் பிறகு கிறிஸ்துமஸ் தவறாமல் லீக்கிலிருந்து கடிதம் வரும். டார்கஸுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. லெட்டிஸ்தான் நடுநடுவே தன் சரக்கையும் சேர்த்து வாசிப்பாள். எது ஐயா எழுதியது, எது லெட்டிஸின் குறும்பு என்று டார்கஸுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள்.