வலிக்கவில்லை என்று சொன்ன சாரம்மாள்

பாளையங்கோட்டையில் தையல் டீச்சர் சாரம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத் தாளாளரையே வராந்தாவில் நிறுத்தி, "காலர் கிழிஞ்சிருக்கு, இந்த லெச்சணத்துல ஆண்டு விழாவா?" என்று கேட்டவள். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஐம்பது வயது வரை வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு மூச்சு இளைப்பு உண்டு.

பதினாறு வயதில் வந்த வியாதி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை நேசையாவின் அக்கா ஞானதீபம், "இதுக்கு முந்தி பாத்த பிள்ளைக்கு இளைப்பாம், வேண்டாம்னுட்டோம். இவளுக்கு அப்படி ஒண்ணும் கெடயாதுல்லா?" என்று கேட்டாள். சாரம்மாளின் அப்பா, வேதபுத்தகத்தில் கை வைக்காத குறையாக, இல்லவே இல்லை என்றார். அன்றைக்கு மூடிய வாய்தான். ஐப்பசி அடைமழையில் நெஞ்சு விசில் அடித்தால் அதற்கு ஜலதோஷம் என்று பெயர். ராத்திரியில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். பக்கத்தில் நேசையா மரக்கட்டையாகத் தூங்குவார். நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேலப்பாளையம் முகம்மது இப்ராஹிம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வருவாள்.

ஒருதரம் பல்வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரத்தில் மூச்சடைத்து, பரலோக வாசல் வரை போய்த் திரும்பினாள். இப்ராஹிம் தலையில் அடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இளைப்பு உள்ளவங்கள்ல சில பேருக்கு இந்த வகை வலி மருந்து ஆகவே ஆகாது. நீங்களும் அந்தக் கணக்குன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. மாத்திரையோ ஊசியோ, எந்த டாக்டர்ட்ட போனாலும் மொதல்ல இதச் சொல்லிருங்க."

சொல்லுகிறேன் என்று தலையாட்டினாள். ஒரு குருவியிடம்கூடச் சொல்லவில்லை.

தொண்ணூற்று நாலு மே மாதம் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நம்மூர் டாக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி பொம்பளையாக இருந்தால் கேள்வியெல்லாம் புருஷனிடம்தான். அவனும் பரீட்சை எழுத வந்தவன் மாதிரி ஒன்று விடாமல் பதில் சொல்லுவான். நோவுக்குச் சொந்தக்காரி கட்டிலில் கிடந்து மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இளைப்பு, ஆஸ்துமா உண்டா?"

"கெடயாது சார்" என்றார் நேசையா.

"எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"கல்லத் தின்னாலும் செரிச்சிரும் சார் இவளுக்கு."

சாரம்மாள் விசிறியையே பார்த்தாள். கோடைக்காலம், போதாததற்குக் காலையிலேயே ரகசியமாக மாத்திரை விழுங்கியிருந்தாள். குழாய் வைத்துப் பார்த்த டாக்டருக்கு நெஞ்சு சுத்தமாகத்தான் கேட்டது.

ஆபரேஷன் முடிந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். தையல் டீச்சர் கட்டை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, "கோணலாப் போட்டிருக்கான்" என்றாள். அந்த வாய்த்துடுக்கு அதோடு சரி. மயக்கம் தெளியத் தெளிய வலி ஏறியது. நர்ஸ் அனுராதா ஊசியோடு வந்தாள்.

"வலி ஊசி போடட்டுமாம்மா?"

"எனக்கு வலிக்கல."

"வயித்தக் கிழிச்சு வச்சிருக்கு, வலிக்கலையா?"

"வலிக்கலன்னா வலிக்கல. போம்மா."

பொய்யும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். ஆழமாக மூச்சு இழுங்கள், நன்றாக இருமுங்கள், சளி தங்கினால் ஆபத்து என்று அனுராதா தலைபாடாக அடித்துக்கொண்டாள். இருமினால் தையல் பிய்ந்து குடல் வெளியே வந்துவிடும் போல இருந்தது. சுடு காப்பியை உறிஞ்சுகிற மாதிரி, நுனி மூச்சாக உறிஞ்சிக்கொண்டு கிடந்தாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் நெஞ்சில் சளி கட்டி, விசில் ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சபையே திரண்டு வந்தது. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டில் தலைமாட்டில் நாத்தனார் ஞானதீபம். சபைப் போதகர் ஜெபசீலன் ஐயர் ஜெபிக்கத் தொடங்கினார். அவர் ஜெபம் சாமான்யமாக முடியாது. ஆதாமில் தொடங்கி ஆபிரகாமைத் தாண்டுவதற்குள் அனுராதா ஊசியோடு உள்ளே வந்தாள்.

"டாக்டர் கட்டாயம் போடச் சொல்லிட்டாங்க" என்று கிசுகிசுத்தாள்.

கண்ணை மூடியபடியே நேசையா, "போடுங்க சிஸ்டர், வலிக்கலன்னு அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார்.

சாரம்மாள் மிரண்டு போனாள். சொன்னால் இருபத்தேழு வருஷ மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். அனுராதா பஞ்சால் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஐயரே, நிறுத்தும்!"

ஜெபத்தை நடுவில் நிறுத்தச் சொன்னவள் அந்தச் சபையின் சரித்திரத்திலேயே கிடையாது. அத்தனை கண்ணும் திறந்தன.

"எனக்கு... இளைப்பு உண்டு. பதினாறு வயசுலருந்து. வலி மருந்து... போட்டு... ஒருதரம் சாகப் போனேன்."

அனுராதா ஊசியை அப்படியே தட்டில் போட்டுவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். ஞானதீபம் நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவி! ஏமாத்தியா எந் தம்பியக் கெட்டுன?"

"ஆமா மதினி. போய் ஊர் பூராவும் சொல்லுங்க."

டாக்டர் வந்து கூட்டத்தை விரட்டினார். மூச்சுக்கு மருந்துப் புகை வைத்தார்கள். சீட்டில் அந்த ஊசியின் பேரை அடித்துவிட்டு, அவளுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மருந்தாக எழுதி, வலி ஏறும்வரை காத்திராமல் மணிக்கணக்குப்படி கொடுக்கச் சொன்னார். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். பிறகு நேசையாவிடம் திரும்பினார்.

"கேட்டேனே சார், கெடயாதுன்னீங்களே?"

நேசையா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியும் சார். இளைப்பு இருக்கது கல்யாணம் ஆன மொத மழையிலயே தெரியும். இந்த மருந்து விஷயந்தான் தெரியாது. அவ மறைக்கா, நம்ம வாயால எதுக்குச் சந்திக்கு இழுக்கணும்னு நானும் சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியேறினார். சாரம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் மூச்சே சீரானது.

"தெரியுமா? அப்ப ராத்திரியெல்லாம் தூங்கலையா நீங்க?"

"எங்கன தூங்க? அந்தச் சத்தம் நின்னாத்தான் எனக்குப் பயம். நீ தூங்குத வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடப்பேன்."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நல்ல மனுசன் போங்க! அப்பிடி முழிச்சுக் கெடந்த நேரத்துல ஒருநாளாவது எம் முதுகத் தடவிக் குடுத்திருக்கலாம்லா?"

"தடவுனா முழிச்சிருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சிரும்லா, சாரா" என்றார் நேசையா.