படகுக்குள் ஒன்றரைக் கிலோ மணல்

வேதாவுக்கு வாய் கம்மி, வேலை ஜாஸ்தி. திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் பதினோரு வருஷமாக லேப் அசிஸ்டெண்ட். பதினோரு வருஷமும் தற்காலிகம்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்துபோய் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது, வேலை மட்டும் நிரந்தரமான பாடில்லை.

காலேஜில் ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகுகள் ஆறு இருந்தன. எல்லாவற்றுக்கும் யுபிஎஸ்ஸில் போடுகிற அதே லெட் ஆசிட் பேட்டரி. மாசாமாசம் சார்ஜ் ஏற்ற வேண்டும், முனையில் பூக்கிற உப்பைத் துடைக்க வேண்டும். விட்டால் செத்துப்போகும். அதற்குத்தான் வேதா.

அட்மிஷன் நேரம். தாளாளர் அப்பாதுரை கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஏரியில, பசங்களப் பெத்தவங்க முன்னாடி ரெண்டு தடவ படகு ஓட்டணும். நல்லபடியா ஓடிடுச்சுன்னா உங்க வேலைய பர்மனென்ட் பண்றதப் பத்திப் பேசலாம்மா."

பேசலாமாம்! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாள், பாவம்.

சனிக்கிழமை பேராசிரியர் சக்கரபாணி புது லித்தியம் பேட்டரியோடு வந்தார். "இந்தக் காலத்துல எவனாச்சும் ரெண்டு கிலோ செங்கல்லத் தூக்கி படகுல வெப்பானா? இது அறுநூறு கிராம்தான். பறக்கும் பாரு."

"கனமும் வேணும் சார். மேல கொடிக்கம்பம், கேமரா எல்லாம் இருக்கு. அடியில வெயிட்டு இல்லன்னா காத்தடிச்சா கவுந்துடும்."

"நீ எந்தக் காலேஜ்ல இன்ஜினியரிங் படிச்ச?"

ஐடிஐ படித்தவள் என்னத்தைச் சொல்வாள்? அந்தப் பேட்டரியை ஒரு படகில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியில் நல்ல காற்று. கவிழட்டும், இந்த மனுஷன் மானம் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் படகு கவிழ்ந்தால் அவள் பிழைப்பும் சேர்ந்தல்லவா முழுகும்? யாரும் பார்க்காத நேரம் கரை மணலை ரெண்டு பாலிதீன் பையில் அள்ளினாள். ஒன்றரைக் கிலோ இருக்கும். டேப் சுற்றி பேட்டரிக்கு அடியில் சொருகினாள்.

படகு ஆடாமல் அசையாமல் ஏரியைச் சுற்றி வந்தது. ஒரே கைதட்டல். சக்கரபாணி மைக்கைப் பிடித்து, லித்தியம்தான் சரியான தேர்வு என்று கால்மணி நேரம் அளந்தார்.

அப்பாதுரை வேதாவிடம் வந்தார். "ஏம்மா, இந்தப் புது பேட்டரிக்கும் மாசாமாசம் சார்ஜ் ஏத்தணுமா?"

"வேணாங்க. பாதி சார்ஜ்ல வெச்சா மாசக்கணக்கா அப்படியே இருக்கும்."

"உப்பு கிப்பு பூக்குமா?"

"பூக்காதுங்க." தன்னைக் கேட்கிறாரே என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"அப்ப ஆறு படகுக்கும் இதையே போட்டுடலாம். இதப் பாத்துக்கன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு, சக்கரபாணி?"

படகைக் கரையில் தூக்கி வைத்த சக்கரபாணிக்கு அதற்குள் கனம் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். மணல் பைகளைப் பார்த்தார், வேதாவைப் பார்த்தார், மூடியைச் சாத்தினார்.

"தேவையில்லதான் சார்," என்றார்.

அப்பாதுரை தலையாட்டினார். "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்மா. வருத்தப்படாதீங்க."

வேதா படகின் முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். சக்கரபாணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேதா, அது... அப்படியே இருக்கட்டுமேம்மா."

"நான் வெச்சது சார். நானே எடுத்துக்கறேன்."

ரெண்டு பைகளையும் பிரித்து மணலைக் கரையிலேயே கொட்டினாள். மைக்கில் ரெண்டாவது ஓட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.